அட்மிரல் அங்கிள்

அங்கிளாம் அங்கிள். அட்மிரல் அங்கிள். இந்த ரெண்டு வார்த்தையையும் ஒண்ணா முடிச்சுப் போட்டவன் எவன்னு தெரிஞ்சா, இந்தக் கார் நிறுத்துற இடத்துலயே அவனை ஒரு மணி நேரம் விறைப்பா நிக்க வச்சிருப்பேன். முப்பத்தாறு வருஷம் நேவி. ஒரு போர். கடைசில ஒரு படைத்தொகுதிக்கே தலைவன், நான் தலையாட்டினாத்தான் கப்பல் நங்கூரத்தையே எடுக்கும். ரியர் அட்மிரல் தாணுமாலயன். இப்ப பி பிளாக் ரெண்டாம் மாடி அங்கிள். "அங்கிள், ஃபேனுக்குக் கீழ வந்து உக்காருங்க"ங்கான் அப்பார்ட்மென்ட் சங்கத்துச் செக்ரட்டரி கோகுல்ராம். முப்பது முப்பத்தி ரெண்டு வயசு இருக்கும், அரைக்கால் டவுசர். பொதுக்குழுக் கூட்டம் நடத்த அரைக்கால் டவுசர் போட்டு வந்து நிக்கான் சவம், முழங்கால்ல கொசு கடிச்ச தடம் வரைக்கும் தெரியுது. பதினோரு மணின்னு நோட்டீஸ் ஒட்டினது இவன்தான். பத்து அம்பத்தஞ்சுக்கு நானும் என் வீட்டுக்காரி பகவதியும் வந்து உக்காந்தாச்சு. பதினொண்ணு இருபதுக்கு ஒவ்வொருத்தரா கொட்டாவி விட்டுட்டு வாராங்க. இவனுகளை ஒரே ஒரு நாள் என் கப்பல்ல ஏத்தியிருக்கணும். காலைல எழுப்புற விசிலுக்கே பாதிப் பேர் கடல்ல குதிச்சிருப்பான். "என்ன முணுமுணுக்கிறீங்க?"ன்னு பகவதி கேக்கா. ஒண்ணும் இல்லைங்கேன். ஒண்ணுமில்லாமலா இருக்கு. கையில நோட்டீஸ் இருக்கு, மூணு தடவை மடிச்சு மூணு தடவை பிரிச்சாச்சு.

ஒண்ணு, லிஃப்ட் ரிப்பேர். ரெண்டு, போர்வெல். மூணு, மொட்டைமாடியில துணி காயப்போடுறது. நாலு, காவலாளி சிலுவைதாசனை வேலையிலிருந்து நீக்குதல். நீக்குதல்னு தீர்மானமாவே அடிச்சிருக்கான் பாருங்க, விசாரித்தல் இல்லை, ஆலோசித்தல் இல்லை. தீர்ப்பை எழுதி வச்சுட்டுக் கோர்ட்டைக் கூட்டுறான். அந்தா நிக்கான் சிலுவைதாசன், மீட்டர் பெட்டிக்குப் பக்கத்துல, தூணோட ஒட்டாம. அம்பத்தினாலு வயசு ஆச்சு, இன்னும் சாய மாட்டான். காக்கிச் சட்டைக்கு நேத்தே கஞ்சி போட்டிருக்கான். படிக்கட்டுக்குக் கீழ அவனுக்கு ஒரு ரூம் உண்டு, மோட்டாருக்கும் மாடிப்படிக்கும் நடுவுல. அவனும் அவன் பெஞ்சாதியும் அதுக்குள்ளதான் ஆறு வருஷமா இருக்காங்க. போன மாசத்திலேருந்து மகளும் வந்திருக்கா, பிரசவத்துக்கு, எட்டு மாசம். வேலை போனா ஒரு வாரத்துல ரூமைக் காலி பண்ணணும். வயித்துப் பிள்ளையோட அந்தப் பொண்ணு எங்க போகும்னு இங்க ஒருத்தனாவது கேட்டானா? துணி காயப்போடுறதுக்கு முக்கால் மணி நேரம் பேசத் தயாரா வந்திருக்கானுக. எனக்கு அடிவயிறு கனமா இருக்கு. வீட்டை விட்டு இறங்கும்போதுதான் போயிட்டு வந்தேன், அதுக்குள்ள மறுபடியும். டாக்டர் சொன்னான், "சார், முக்கா மணிக்கு ஒரு தடவை போயிடுங்க, வருதான்னு காத்திருக்காதீங்க." காத்திருக்காதீங்கன்னா என்னடே அர்த்தம், எதிரிக் கப்பலுக்கே காத்திருந்தவன் நான்.

லிஃப்ட்டைப் பத்திப் பேசுறாங்க. பேசட்டும். சிலுவைதாசனுக்கு இந்த வேலையை வாங்கிக் கொடுத்ததே நான்தான், எல்லாருக்கும் தெரியும், பெருமையா வேற சொல்லுவாங்க, "அட்மிரல் அங்கிள் தன் கப்பல்ல வேலை பாத்தவனை மறக்கல." நான்தான் சிபாரிசுக் கடிதம் எழுதினேன். நேர்மையானவன், விழிப்பானவன். விழிப்பானவன்னு என் கையால எழுதினேன், எழுதும்போது பேனா நின்னுச்சு, மை தீரல, கைதான் நின்னுச்சு. குடியரசு தினத்துக்கு இதே இடத்துலதான் கொடி ஏத்துவேன். பிள்ளைகளெல்லாம் சுத்தி உக்காந்து போர்க் கதை சொல்லுங்க சொல்லுங்கன்னு கேக்கும். சொல்லுவேன். நாலு நாள் நாலு ராத்திரி வங்காள விரிகுடாவுல எப்படி அலைஞ்சோம், எப்படி ஒரு ஆயுதக் கப்பலை மறிச்சுப் பிடிச்சோம், எப்படி மெடல் குத்தினாங்க. நாலாவது நாளோட கதையை முடிச்சுடுவேன். பிள்ளைகள் கை தட்டும். கேட்டுக்குப் பக்கத்துல நின்னு சிலுவைதாசனும் கை தட்டுவான். அதுதான் எனக்குப் பொறுக்காது. அஞ்சாவது நாள் இருந்துச்சு, அது எங்க ரெண்டு பேருக்குத்தான் தெரியும், அவன் நின்னு கை தட்டுறான். ஒரு வருஷமாவது தட்டாம இரேன்டே. மிட்டாயை மட்டும் வாங்கிட்டுப் போயேன்.

அஞ்சாவது நாள் வேண்டாம். போர்வெல்லைக் கேப்போம். உப்புத் தண்ணி வருதாம், மஞ்சளா வருதாம், பக்கெட்டுல பிடிச்சா நிறம் மாறுதாம். நிறம் மாறுது. சனியன், எங்க சுத்தினாலும் அங்கேயே வந்து நிக்குது. சாயங்காலம் நாலு மணி, வெயில் எதிர்ல, ஆத்து முகத்துக்குள்ள திரும்பி வாரோம், எல்லாருக்கும் ஜெயிச்ச மயக்கம், எனக்கு எல்லாரையும் விட ஜாஸ்தி. முப்பத்தெட்டு வயசு, கேப்டனா முதல் கப்பல், முதல் போர். பிரிட்ஜ்ல, அதாவது கேப்டன் நின்னு கப்பலை நடத்துற மேல்தளத்துல, என்கூட மல்கோத்ரான்னு ஒரு லெப்டினன்ட், சுக்கான் பிடிக்க ஒரு ஆள், ஓரத்துல பைனாகுலரோட லுக்-அவுட். கண்காணிச்சுச் சொல்றதுதான் லுக்-அவுட்டோட வேலை. அன்னைக்கு அது சிலுவைதாசன், இருபது வயசு, கொளச்சலுக்குப் பக்கத்துக் கடற்கரையில பிறந்த பய. நானும் நாகர்கோவில்காரன்தான், ஆனா நான் கோயில் தெருவுல பிறந்தவன், கடலை நேவியில சேர்ந்தப்புறம்தான் கிட்டத்துல பார்த்தேன். அவன் அப்பன் கட்டுமரத்துலயே வளர்ந்தவன். லுக்-அவுட்டுக்கு ஒரு முறை உண்டு. கப்பல் தெரியுதா, மிதவை தெரியுதா, எந்தத் திசை, எவ்வளவு தூரம், இங்கிலீஷ்ல சொல்லணும், அவ்வளவுதான். தனக்குத் தோணுறதைச் சொல்லக் கூடாது. அவன் பைனாகுலரைக் கழுத்துல தொங்கவிட்டுட்டு வெறுங்கண்ணால தண்ணியைப் பார்த்தான். பார்த்துட்டு என் பக்கம் திரும்பித் தமிழ்ல சொன்னான், தண்ணியை வெள்ளம்னு சொல்ற எங்க ஊர்த் தமிழ்ல. "சார், வெள்ளத்துக்க நிறம் மாறிப்போச்சு. முன்னால மண்ணு கெடக்கு சார், திருப்பணும்." எனக்கு வந்துச்சே கோபம். நாலு பேர் முன்னால ஊர்ப் பாஷையில எனக்குப் புத்தி சொல்ல வந்துட்டான், மீன் பிடிக்கிற பய. "கண்ணுக்குத் தெரியுறதை மட்டும் சொல்லு, பைனாகுலரை எடுலேய்"ன்னேன், நானும் தமிழ்லதான். எடுத்தான். மூணு நிமிஷம். அதுக்குள்ள கப்பல் வயித்துக்குக் கீழ ஒரு சத்தம் கேட்டுது. அந்தச் சத்தத்தைப் பிள்ளைகளுக்கு நான் சொன்னதே இல்லை.

"நாலாவது அஜெண்டா"ங்கான் கோகுல்ராம். முதுகு நிமிர்ந்துடுச்சு எனக்கு. அதுக்குள்ளயா? மொட்டைமாடி என்ன ஆச்சு? "அதை கமிட்டி பாத்துக்கும்"னு முடிச்சுட்டாங்களாம், நான் கவனிக்கல. டவுசர் எழுந்து நின்னு தொண்டையைச் செருமுது. செவ்வாய்க்கிழமை காலைல ஆறு முப்பத்தஞ்சுலேருந்து ஏழு வரைக்கும் கேட்டுல ஆள் இல்லையாம். அந்த இருபத்தஞ்சு நிமிஷத்துல எவனோ உள்ள புகுந்து இவனோட கியர் சைக்கிளை எடுத்துட்டுப் போயிட்டானாம். சிங்கப்பூர்ல வாங்கின சைக்கிள். ஏதோ போர்க்கப்பலே முங்கிப்போன மாதிரி சொல்றான். "இன்னைக்கு சைக்கிள், நாளைக்கு நம்ம குழந்தைங்க"ங்கா டி பிளாக் அம்மா ஒருத்தி. அட, சைக்கிளும் குழந்தையும் ஒண்ணா உனக்கு? எனக்கு நாக்கு நுனி வரைக்கும் வந்துடுச்சு. பகவதி என் மணிக்கட்டைப் பிடிச்சா. அவளுக்குத் தெரியும். செவ்வாய்க்கிழமை காலைல பேண்ட் போட்டு நடக்கப் போனவன், யாரோட கைலியையோ கட்டிட்டு வந்தேன். அவ ஒரு வார்த்தை கேக்கல, பையில இருந்த பேண்டை எடுத்துத் தனியா அலசிப் போட்டா. "சிலுவைதாசன், நீங்களே சொல்லுங்க, எங்க போனீங்க?"ன்னு கேக்கான் கோகுல்ராம். சிலுவைதாசன் ஒரு எட்டு முன்னால வந்தான். என்னைப் பார்க்கல. நேரா எதிர்ச் சுவரைப் பார்த்தான், விசாரணையில நிக்கிறவன் அப்படித்தான் பார்க்கணும், அதையும் நாங்கதான் சொல்லிக் கொடுத்தோம். "ஒண்ணுக்குப் போனேன் சார்"ன்னான். பின்வரிசையில எவனோ, "இருபத்தஞ்சு நிமிஷமாவா"ன்னான். சிரிச்சானுக. எல்லாரும் சிரிச்சானுக.

அடப்பாவி. அடப்பாவி சிலுவைதாசா. அந்த வார்த்தையை எங்கிருந்துடே எடுத்த? உனக்கு வேற பொய்யே கிடைக்கலையா? பால் வாங்கப் போனேன்னு சொல்லியிருக்கலாம், மோட்டார் போடப் போனேன்னு சொல்லியிருக்கலாம், மகளுக்கு வலின்னு சொல்லியிருந்தா இவனுகளே பரிதாபப்பட்டு விட்டிருப்பானுக. என்னைக் குத்தத்தான் சொன்னியா? இல்லை, அதை மறந்தே போயிட்டியா? மறக்கிற விஷயமா அது. விசாரணைக் குழு, பச்சைத் துணி போட்ட மேஜை, மூணு அதிகாரிங்க. கப்பல் தரை தட்டினா கேப்டன் தூங்கிட்டு இருந்தாலும் அவன்தான் பதில் சொல்லணும், உலகத்துல எல்லா நேவியிலயும் அதான் வழக்கம். ஆனா எனக்குத் தப்பிக்க மூணு கதவு திறந்திருந்துச்சு. வரைபடம் பழசு, மணல்மேடு இடம் மாறிடுச்சு, யாரும் எச்சரிக்கல. ரெண்டு நிஜம். மூணாவதுதான் இடிச்சுது. மல்கோத்ரா, நல்லவன், உள்ளதைச் சொன்னான். தரை தட்டுறதுக்குக் கொஞ்சம் முன்னால லுக்-அவுட் கேப்டன்கிட்ட ஏதோ சொன்னான், அவங்க பாஷையில, எனக்குப் புரியலைன்னான். தலைவர் என் பக்கம் திரும்பி, என்ன சொன்னான்னு கேட்டார். அந்த அறையில தமிழ் தெரிஞ்சவங்க ரெண்டே பேர். நான் யோசிக்கக்கூட இல்லை, அதான் கொடுமை, யோசிச்சிருந்தாலாவது ஒரு மனுஷனா இருந்திருப்பேன். "ஒண்ணுக்குப் போகணும்னு அனுமதி கேட்டான் சார், மறுத்துட்டேன்"ன்னேன். ஒருத்தர் லேசா சிரிச்சார். அவனைக் கூப்பிட்டுக் கேட்டாங்க, கேப்டன் சொல்றது சரியா? அவன் நேரா எதிர்ச் சுவரைப் பார்த்து, "யெஸ் சார்"ன்னான். வேலையில கவனம் இல்லாதவன், மூத்திரத்துல கவனம் வச்சவன்னு அவனுக்கு அறுபது நாள் சிறை. பதினஞ்சு வருஷம் நேவியில இருந்தான், சட்டைக் கையில ஒரு பதவிப் பட்டைகூட ஏறல. எனக்கு மெடல், அடுத்த கப்பல், அதுக்கடுத்த கப்பல், கேப்டன் ரேங்க், கமோடர், ரியர் அட்மிரல், வீட்டுச் சுவர் பூரா கேடயம். ஒரு வாய்ப் பொய், அதுமேல முப்பத்திமூணு வருஷம் சம்மணம் போட்டு உக்காந்துட்டேன். இப்ப மறுபடியும், இந்தச் செவ்வாய்க்கிழமை. நடந்துட்டு வரும்போது பஸ் ஸ்டாப் பக்கத்துல, தடுக்க முடியல, தொடையெல்லாம் சூடு, செருப்பு வரைக்கும். ஸ்கூல் பிள்ளைங்க பஸ்ஸுக்கு நிக்குது. பெஞ்சுல உக்காந்து பேப்பரை மடியில விரிச்சு வச்சுட்டு போன் எடுத்தேன். பகவதியைக் கூப்பிடல. கேட்டுக்குப் போட்டேன். "சிலுவைதாசா, ஒரு வேட்டி எடுத்துட்டு பஸ் ஸ்டாப்புக்கு வா"ன்னேன். ஏன்னு கேக்கல. தன் கைலியைக் கொண்டுவந்தான், வேட்டின்னா வெள்ளை, நனைஞ்சா காட்டிக் கொடுக்கும்னு. பிள்ளைங்களுக்கும் எனக்கும் நடுவுல முதுகைக் காட்டி நின்னுக்கிட்டான், நான் மாத்தி முடிக்கிற வரைக்கும். அந்த நேரத்துலதான் இந்த டவுசரோட சைக்கிள் போயிருக்கு. அஞ்சு நாளா எனக்குத் தெரியும். அஞ்சு நாளா அவன் இவனுக கிட்ட வசவு வாங்குறான், நான் மாடியில ஜன்னல் ஓரமா நின்னு கேட்டுட்டிருக்கேன். என் மூத்திரத்தை ரெண்டாவது தடவையும் அவன் தலையிலயே விடுறேன்.

"ஆதரவா இருக்கிறவங்க கை தூக்கலாம்"ங்கான். எழுந்துட்டேன். எப்படி எழுந்தேன்னு தெரியல, நாற்காலி பின்னால விழுந்துச்சு. "நிறுத்து!"ன்னேன். பழைய குரல். காத்துல நூறு அடிக்குக் கேக்குற குரல், அது இன்னும் உள்ளதான் கிடந்திருக்கு. எல்லாக் கையும் கீழ இறங்குச்சு. "அவனை அனுப்பினது நான். என் உத்தரவுல போனான். தப்பு என்னோடது, எழுதிக்கோ." கோகுல்ராம் சிரிச்சான், மரியாதையாத்தான் சிரிச்சான், அதான் இன்னும் எரிஞ்சுது. "அங்கிள், உங்க ஆளுன்னு நீங்க விட்டுக்கொடுக்க மாட்டீங்க, எங்களுக்குத் தெரியும்." "ஆள் மண்ணாங்கட்டி! நான் அனுப்பினேன்டே!" "சரி அங்கிள், எதுக்கு அனுப்புனீங்க?" பகவதி என் சட்டையைப் பிடிச்சு இழுக்கா. வேண்டாம்ங்கா, உக்காருங்கங்கா, அவ கண்ணுல தண்ணி. முப்பது நாப்பது முகம், எல்லாம் என்னை அண்ணாந்து பார்க்குது, குடியரசு தினத்துல பார்க்கிற மாதிரியே பார்க்குது. "எனக்குப் பேண்ட்லயே ஒண்ணுக்குப் போயிடுச்சு. பஸ் ஸ்டாப்புல. மாத்துத் துணி கொண்டான்னு இவனைக் கூப்பிட்டேன். போதுமா?" அப்புறம் அந்த டி பிளாக் அம்மா மெதுவா கை தட்ட ஆரம்பிச்சா. நாசமாப் போச்சு. ஒருத்தரைப் பார்த்து ஒருத்தர், எல்லாரும் தட்டுறானுக. "கிரேட், அங்கிள்"ங்கான் ஒருத்தன். "ஒரு வாட்ச்மேனுக்காக இவ்வளவு பெரிய மனுஷர் தன் மானத்தையே விட்டுக்கொடுக்குறார் பாருங்க"ங்கா அந்த அம்மா, பக்கத்துல இருக்கிற பிள்ளைகிட்ட. நம்பல. ஒருத்தனும் நம்பல. "அப்ப இதையும் கேளுங்க"ன்னேன். எனக்கு மூச்சு வாங்குது. "எழுபத்தியொண்ணுல, போர்ல, என் கப்பல் தரை தட்டுச்சு. இவன் எச்சரிச்சான். நான் கேக்கல. விசாரணையில நான் இவன்மேல..." "அங்கிள், அங்கிள்," கோகுல்ராம் கையைக் கூப்பிக்கிட்டே வாரான், "போர்க் கதையை லஞ்ச்ல எல்லாரும் உக்காந்து கேக்குறோம், ப்ராமிஸ். இன்னும் பெயிண்டிங் கான்ட்ராக்ட் வேற இருக்கு."

கதையாம்ல, கதை. அன்னைக்கு அந்த அறையில தமிழ் தெரிஞ்சவங்க ரெண்டே பேர். இங்க அத்தனை பேருக்கும் தமிழ் தெரியும். நான் இன்னும் எப்படிடா சொல்லணும்? அப்பத்தான் டவுசருக்கு ஒரு யோசனை வந்துச்சு. நியாயஸ்தன் பாருங்க. மீட்டர் பெட்டிப் பக்கம் திரும்பினான். "சரி, சிலுவைதாசன், நீங்களே சொல்லிடுங்க. அட்மிரல் சார்தான் உங்களை அனுப்பினாரா? ஆமான்னா இந்தத் தீர்மானத்தை இப்பவே வாபஸ் வாங்கிடறோம்." சொல்லுடே. ஒரு வார்த்தை. உன் ரூம், உன் மக, பேரப்பிள்ளை, எல்லாம் அந்த ஒரு வார்த்தையில இருக்கு, ஆமான்னு சொல்லு. சிலுவைதாசன் இந்தத் தடவை சுவரைப் பார்க்கல. திரும்பி என்னைப் பார்த்தான். இருபது வயசுல பிரிட்ஜ் ஓரத்துல நின்னு பார்த்தானே, அதுக்கப்புறம் இன்னைக்குத்தான் என்னை நேருக்கு நேரா பார்க்கான். பாசமா அது, வெறுப்பா, என் மானத்தைக் காப்பாத்துறானா, நான் நீட்டுறதை என் மூஞ்சியிலயே திருப்பி எறியுறானா, எனக்குப் பிடிபடவே இல்லை. "இல்ல சார்"ன்னான். "அவரு என்னை அனுப்பல. நானாத்தான் போனேன்."

"லேய், பொய் சொல்றான்! பொய் சொல்றான் இவன், எழுதாதீங்க!"ன்னு கத்தினேன். பகவதி விழுந்த நாற்காலியை நிமிர்த்தி என்னைத் தோளைப் பிடிச்சு உக்கார வச்சா. யாரோ தண்ணி கொண்டுவந்து கொடுத்தாங்க. கோகுல்ராம் மறுபடியும் கை தூக்கச் சொல்லி, முன்வரிசையிலேருந்து எண்ண ஆரம்பிச்சான்.